கில்மிஷா பாடியது எந்த ஊர்ப் பாட்டு?

2023 டிசம்பரில் ஜீ தமிழின் ‘சரிகமப லிட்டில் சாம்ப்ஸ்’ இறுதிச் சுற்றில் யாழ்ப்பாணச் சிறுமி கில்மிஷா பட்டம் வென்றபோது, எங்கள் ஆமத்தூர்த் தெருவில் வீட்டுக்கு வீடு கைதட்டல் கேட்டது. சொந்தப் பிள்ளை ஜெயித்த மகிழ்ச்சி அது.

அதே பருவத்தில் பாடிய அசானியை நாங்கள் இன்னும் நெருக்கமாக உணர்ந்தோம். புசல்லாவைத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. மலையகத் தமிழர் இலங்கையில் குடியேறி 200 ஆண்டு நிறைந்த வருடம் 2023. இராமநாதபுரம், மதுரை, திருநெல்வேலிச் சீமைகளின் வானம் பார்த்த பூமியிலிருந்து பஞ்சம் பிழைக்கக் கடல் கடந்து போனவர்கள் அவர்களுள் ஏராளம். எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் இன்றும் “கண்டிக்குப் போன சனம்” என்றுதான் சொல்வார்கள். வரலாற்றுப் பாடம் சொல்லித் தராத உறவை ஒரு பாட்டுப் போட்டி சில வாரங்களில் வீட்டுக்குள் கொண்டுவந்து சேர்த்தது. இலங்கைப் பிள்ளைகளின் பங்கேற்பால் கிடைத்த பெரும்பேறு இதுதான். இதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை.

ஆனால் அவர்கள் என்ன பாடினார்கள்? பெரும்பாலும் நம் சினிமாப் பாட்டு. ஒரு காலத்தில் இலங்கை வானொலி எங்கள் தென்மாவட்டங்களில் துல்லியமாகக் கேட்கும். ஏ.ஈ. மனோகரனின் பொப்பிசையை நாங்கள் கடல் தாண்டிக் கேட்டுப் பழகியவர்கள். ஈழத்து மெல்லிசையும் தோட்டத்து நாட்டார் பாடலும் அந்தப் பிள்ளைகளின் சொந்தச் சொத்து. அவற்றுக்கு மேடையில் உரிய இடமில்லை. 2003 முதல் நடக்கும் ஐரோப்பியச் சிறுவர் பாட்டுப் போட்டியான ஜூனியர் யூரோவிஷனில் ஒவ்வொரு நாடும் புதிய பாட்டோடு வர வேண்டும். பெரும்பகுதி தன் நாட்டு மொழியில் இருக்க வேண்டும். நாட்டின் பெயரைச் சொல்லிப் பாட வரும் பிள்ளைக்கு அதுதான் மரியாதை.

சொந்தப் பாட்டுக்கு இடம் தராத மேடை துயரத்துக்குத் தாராளமாக இடம் தருகிறது. போரில் இழந்தது, தோட்டத்து லயக் குடியிருப்பு வாழ்க்கை, அம்மாவின் கூலி என்று பாட்டுக்கு முன்னும் பின்னும் கதை ஓடுகிறது, அரங்கம் அழுகிறது. அந்தக் கதைகள் உண்மை, தமிழகம் கேட்டே ஆக வேண்டியவை. ஆனால் அவற்றைச் சுமந்துவந்து மதிப்பெண்ணுக்கு நிற்கும் வேலை பத்துப் பன்னிரண்டு வயதுக்கு ஏற்றதல்ல. குரலுக்கு விழுந்த மார்க் எது, கண்ணீருக்கு விழுந்தது எது என்று அந்தப் பிள்ளைக்கே தெரியாமல் போகிறது.

பட்டாசுக்கும் தீப்பெட்டிக்கும் பிள்ளைகள் வேலைக்குப் போனதைப் பார்த்த பகுதி எங்களுடையது; அதனால் மேடைப் பிள்ளையின் உழைப்பும் எங்கள் கண்ணில் படுகிறது. 14 வயதுக்குட்பட்டவர்களை வேலைக்கு வைப்பதைத் தடுக்கும் 2016 திருத்தச் சட்டம் குழந்தைக் கலைஞர்களுக்கு விலக்கு தருகிறது. அதற்கு 2017 விதிகள் நிபந்தனை போட்டிருக்கின்றன: நாளுக்கு 5 மணி நேரத்துக்கு மேல் கூடாது, வருமானத்தில் 20 சதவீதமாவது பிள்ளையின் பெயரில் வங்கியில் போட வேண்டும், உடல்நலத்தோடு மனநலத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். மனநலம் என்ற அந்த ஒரு சொல்லை வைத்துப் பார்த்தால், பிள்ளையை அழவிட்டு முகத்தை நெருக்கத்தில் காட்டுவது தேறாது. ஜூனியர் யூரோவிஷனில் பல ஆண்டுகள் எந்த நாடும் பூஜ்யத்தோடு திரும்பக் கூடாதென்று எல்லாருக்கும் முதலிலேயே 12 புள்ளி கொடுத்தார்கள். நம் மேடைகளிலோ வெளியேற்றம்தான் விளம்பரத் துணுக்கு.

அடுத்த பருவத்திலும் இலங்கைப் பிள்ளைகள் வரட்டும். ஒரு சுற்றையாவது அவர்கள் ஊர்ப் பாட்டுக்கென்று ஒதுக்குங்கள். கதை கேட்பதாயிருந்தால் பெரியவர்களிடம் கேளுங்கள்.