நிலமும் பொழுதும் அற்ற உலகு

ஆங்கில நாவலாசிரியர் ஈ. எம். பார்ஸ்டர் 1909-ஆம் ஆண்டு நவம்பரில் 'ஆக்ஸ்போர்டு அண்ட் கேம்பிரிட்ஜ் ரிவியூ' என்னும் இதழில் 'தி மெஷின் ஸ்டாப்ஸ்' என்றொரு நெடுஞ்சிறுகதையை வெளியிட்டார். 'இயந்திரம் நிற்கிறது' என அதனைத் தமிழில் வழங்கலாம். மாந்தர் அனைவரும் நிலத்தடியில், தேனடையின் கண்போன்ற அறுகோணச் சிற்றறைகளில் தனித்தனியே வாழ்கின்றனர். உணவும் உடையும் நீராட்டும் இசையும் பொத்தானை அழுத்திய அளவில் வந்தெய்தும். உரையாடல், வட்டத் தகட்டில் தோன்றும் உருவின் வழியே நிகழும். வாஷ்டி என்னும் தாய் உலகின் தென்பாதியில் உள்ளாள். அவள் மகன் கூனோ வடபாதியில் உள்ளான். நேரில் வருமாறு மகன் அழைப்பதும், தாய் தயங்கிப் பின் செல்வதும், இறுதியில் இயந்திரம் நின்று அவ்வுலகு அழிவதுமே கதை.

இக்கதையைப் பற்றி எழுதுவோர் பலர் இதனை வருவதுரைத்தலாகவே கொள்கின்றனர். 2020-இல் பெருந்தொற்றால் மக்கள் வீடுகளில் அடைந்திருந்த காலத்து, திரைவழிப் பேச்சையும் இணையத்தையும் நூறாண்டுக்கு முன்பே பார்ஸ்டர் கண்டுரைத்தார் என வியந்தோர் மிகப் பலர். வியப்புக்குரியதே. ஆயினும் கருவிகளை முன்னறிந்து கூறல் இலக்கியத் திறன் ஆகாது. கருவி பழையதாகுங்கால் அவ்வியப்பும் உடன் பழையதாகிவிடும். கதையின் அச்சம் வேறு. வாழ்வினின்று இடமும் காலமும் அகன்றபின் மாந்தரிடத்து உணர்வு எஞ்சுமா என்பதே அது. இதனை அளந்தறியத் தொல்காப்பியர் வகுத்த முதல், கரு, உரி என்னும் பகுப்புப் பெரிதும் துணைசெய்யும் என்பது என் கருத்து. தமிழிலக்கணத்தை ஆங்கிலக் கதைமேல் ஏற்றுவது தகுமோ எனச் சிலர் வினவக்கூடும். எல்லாம் நம்மிடம் முன்பே உண்டு என நிறுவுதற்காக ஏற்றின் தகாது. அத்தகைய கட்டுரைகள் நம்மிடையே வேண்டிய அளவினும் மிகுதி. ஈண்டு அஃது அளவுகோல் மட்டுமே.

முதற்பொருளாவது நிலமும் பொழுதும். கதையுலகில் ஊர்கள் உண்டு, நிலங்கள் இல்லை. பீக்கிங்கும் சுரூசுபரியும் ஒரே தன்மையன ஆனமையின், ஓரூரினின்று மற்றோரூர்க்குச் செல்வது பொருளற்றதாயிற்று. மகனைக் காண வான்கலம் ஏறிய வாஷ்டிக்கு வழியில் இமயம் தோன்றுகிறது. காக்கசு மலைகள் தோன்றுகின்றன. கிரேக்க நாடும் தோன்றுகிறது. தனக்கு உதவும் கருத்து எதுவும் அங்கில்லை என்று கூறிச் சாளரத்தின் உலோகத் திரையை இறக்கிவிடுகிறாள். அவள் கல்லாதவள் அல்லள். இசை வரலாறு பற்றிச் சொற்பொழிவு ஆற்றுபவள் என்பதை நினைவிற் கொள்க. பொழுதும் அவ்வாறே. கதிரவனோடு போட்டியிட்டு மேற்கு நோக்கிப் பறந்து அதனை வெல்ல முன்னோர் முயன்று தோற்றனர் என்றும், பின்னர்க் கதிரவனைப் பற்றிய எண்ணமே மக்கட்கு அற்றுப்போயிற்று என்றும் பார்ஸ்டர் கூறுகிறார். இரவு என்பது விளக்கை அணைப்பதனால் வருவது. பெரும்பொழுதும் சிறுபொழுதும் அங்கே பொத்தானுள் அடங்கின.

கருப்பொருள் பற்றி விரித்துரைக்க வேண்டுவதில்லை. மாவும் மரமும் புள்ளும் நிலத்தோடு நீங்கின. ஒன்று மட்டும் கருதத்தக்கது. கருப்பொருள்களுள் முதற்கண் வைத்து எண்ணப்பெறுவது தெய்வம். ஏனையவெல்லாம் நீங்கிய அவ்வுலகில் அஃதொன்று எஞ்சி நிற்கிறது. இயந்திரத்தின் விதிநூலை வாஷ்டி முத்தமிட்டு வணங்குகிறாள். கதையின் மூன்றாம் பகுதியில் இயந்திர வழிபாடு வெளிப்படையாகவே நிலைபெறுகிறது. நிலத்துக்குரிய தெய்வம் போய், நிலமின்மைக்குரிய தெய்வம் வந்தது எனலாம்.

இனி உரிப்பொருள். மூன்றனுள்ளும் சிறந்தது இதுவே. கதையின் உயிர்நிலை எனத்தக்க இடம், கூனோ தன் அறைக்கு வெளியே உள்ள தொடர்வண்டி மேடையில் மேலும் கீழும் நடந்து பழகும் பகுதியாகும். அவ்வாறு நடந்து சோர்ந்த பின்னரே, 'அண்மை', 'சேய்மை' என்னும் சொற்களின் பொருள் அவனுக்கு விளங்குகிறது. காலால் விரைந்து எய்தக்கூடியதே அண்மை. வான்கலம் விரைவில் கொண்டுசேர்ப்பது அண்மையன்று. தொலைவுக்கு அளவு மனிதனின் அடியே என அவன் உணர்கிறான். அகப்பாடல்களைப் பயின்றோர்க்கு இஃது எளிதின் விளங்கும். தலைவன் கடந்த சுரம் காலால் கடந்த சுரம் ஆதலின் அன்றோ பிரிவு துயராகிறது? தொலைவு இல்லையேல் பிரிவு இல்லை. பிரிவு இல்லையேல் புணர்வும் இல்லை. வாஷ்டி ஆயிரக்கணக்கானோரை அறிவாள், எவரையும் பிரிந்திலள். தகட்டில் தோன்றுவது தாயைப் போன்றதொன்றே அன்றித் தாயல்லள் எனக் கூனோ கூறுவது, பிரிவை உணர்ந்தவன் ஒருவனின் கூற்று. அவ்வுலகில் உரிப்பொருள் உடையோன் அவன் ஒருவனே.

முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலையாதலை இளங்கோவடிகள் கூறுவர். நிலத்தடி உலகைப் பாலை எனலாமோ எனின், ஆகாது என்பேன். பாலைக்கும் ஓர் உரிப்பொருள் உண்டு. இங்கு அதுவும் இல்லை. மாறாக, உயிரற்ற புழுதி என விதிக்கப்பட்ட மேல்நிலத்திற்குக் கூனோ ஏறிச் சென்றபொழுது அங்கே புல்லையும் சூரற்செடிகளையும் வெசெக்ஸ் பகுதியின் தாழ்குன்றுகளையும் கண்டான். அவனுக்கு உதவ வந்து உயிரிழந்த பெண்ணொருத்தியையும் கண்டான். திரிந்தது மேல்நிலம் அன்று, கீழுலகே.

நம்மனோர் தனித்து நோக்கவேண்டிய பகுதி ஒன்று உண்டு. மேல்நிலத்திற்குச் செல்வதற்குரிய மூச்சுக்கருவிகள் ஒழிக்கப்பட்டபொழுது அறிஞர்கள் வருந்தவில்லை. முதற்கைக் கருத்துகள் தீயன, பத்தாங்கைக் கருத்துகளே தூயன எனச் சொற்பொழிவாளர் ஒருவர் விளக்கினார். பிரெஞ்சுப் புரட்சியைப் பற்றி நிகழ்ந்தது யாது என்பதை விடுத்து, ஒருவர் எண்ணியதாக மற்றொருவர் எண்ணியதை வேறொருவர் எண்ணியவாறு கற்பதே மேன்மை என்றார். பார்ஸ்டர் நகைப்புக்காக எழுதியது இது. நமக்கோ நகைப்பு முழுமையாக வரவில்லை. நம் உரைமரபும் ஒரு தொடரன்றோ எனின், வேற்றுமை உண்டு: உரையாசிரியர் மூலத்தை முன்வைத்து முன்னையோர் உரையை மறுப்பர்; மறுப்புக்கு மூலமே சான்று. 2022-இன் இறுதியில் உரையாடும் மென்பொருள்கள் பொதுமக்கள் கைக்கு வந்தபின், மூலத்தைத் தொடாமலே அதன் சுருக்கத்தையும் அச்சுருக்கத்தின் மதிப்பீட்டையும் நொடியிற் பெறலாம் என்ற நிலை எய்தியுள்ளது. சொல்லடைவு தேடுவதற்கு இயந்திரத்தை நாடுவதில் குற்றமில்லை. 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம் நம் நூல்களை மின்வடிவில் தந்த உதவி பெரிது. அது மூலத்தை நம்மிடம் கொணர்கிறது, இஃது அகற்றுகிறது. முதுகலை மாணவர் இவ்விரண்டனையும் வேறுபடுத்தி அறியவில்லையேல், மூச்சுக்கருவி இழந்த அறிஞரின் மரபே நம் துறைகளில் தொடரும்.

அழிவின் தொடக்கத்தைப் பார்ஸ்டர் கூறும் முறையும் போற்றத்தக்கது. இசையில் ஒரு விக்கல் கேட்கிறது, குளிப்புநீர் நாறுகிறது, செய்யுள் புனையும் இயந்திரம் இயைபு பிழைத்த பாடல்களைத் தருகிறது. மக்கள் முறையிடுகின்றனர், பின்னர்ப் பழகிவிடுகின்றனர். பிழைபட்ட இயைபைச் செவி ஏற்கப் பழகியது, உயிர்வளி கெடுவதற்கு மிக முன்னரே நிகழ்கிறது.

குறையும் உண்டு. இறுதியில் ஆசிரியர் கதையை விடுத்துத் தாமே புலம்பத் தொடங்குகிறார், அது வேண்டாதது. அதனினும் பெருங்குறை, இயந்திரத்திற்கு உடைமையாளர் எவரும் இலர் என்பது. நடுவண் குழு ஒன்று அறிவிப்புகளை வெளியிடுகிறது. அதனால் பயன் கொண்டோர் யார் என்னும் வினா எழவேயில்லை. எச். ஜி. வெல்ஸ் படைத்த இன்பவுலகு ஒன்றற்கு எதிராக இதனை எழுதியதாகப் பார்ஸ்டரே கூறியுள்ளமையின், அவர் நோக்கம் அவ்வளவில் நின்றது போலும். இன்றைய இயந்திரங்கட்கோ உடைமையாளர் உளர். பங்கு விலையும் உண்டு. காரல் சாபெக் 1920-இல் வெளியிட்ட 'ஆர்.யு.ஆர்.' நாடகத்தில் ஆலையும் அதன் இயக்குநர்களும் விற்பனைக் கணக்கும் இடம்பெறுகின்றன. அந்நாடகத்தையும் இக்கதையையும் ஒருங்கு வைத்து ஆராய்தல் தனிக்கட்டுரைக்கு உரியது.