சீப்பும் தாரும்

எண்ணோடு ஒட்டி நின்று, எண்ணப்படும் பொருள் எவ்வகையானது என்று காட்டும் சொல்லை மொழியியலார் வகைப்படுத்தி என்பர். தமிழில் 'நான்கு பேர்' என்பதில் வரும் 'பேர்' அதற்கு நெருங்கியது. தாய்லாந்தின் தாய் மொழியிலோ ஏறக்குறைய எல்லாப் பெயர்களுக்கும் இது கட்டாயம். அங்கே காட்டு யானையை 'உடல்' என்னும் சொல்லாலும், பழக்கப்பட்ட யானையைக் 'கயிறு' என்னும் சொல்லாலும் எண்ணுவது மரபு. விலங்குக்கும் மனிதனுக்கும் உள்ள உறவையே எண்ணிக்கைக்குள் கொண்டுவந்துவிட்ட நுட்பம் வியக்கத்தக்கது.

போத்தனூர்க் கடைவீதியில் கீரையைக் கட்டாகவும், பூவை முழமாகவும், வெற்றிலையைக் கவுளியாகவும் கேட்பவர்கள் கையாள்வன துல்லியமாகச் சொன்னால் வகைப்படுத்திகள் அல்ல, அளவுச் சொற்களே. எனினும், தொங்கும் வாழைத்தாரின் தண்டை ஒட்டிக் கத்தியை இறக்கிக் கடைக்காரர் அறுத்தெடுக்கும் பகுதியில், வளைந்த அடிக்காம்பிலிருந்து பழங்கள் பல்வரிசைபோல் நெருங்கி நிற்பதைக் கண்டு தமிழர் 'சீப்பு' என்றதைப்போலவே, தாய் மொழியினரும் தலைவாரும் சீப்பைக் குறிக்கும் 'வீ' என்ற சொல்லாலேயே அதை எண்ணுகின்றனர். மலாய் மொழியின் 'சிசிர்' என்பதும் சீப்பே. சொல்வரிசைகூடப் பொருந்துகிறது: போத்தனூரில் 'வாழைப்பழம் ரெண்டு சீப்பு', பாங்காக்கில் 'க்ளுவாய் சோங் வீ'.