பாயிரமும் இணையவழி வெளியீடும்: சேர்வராயன் மலையை முன்வைத்து முதல் நாவலின் அறிமுகம் குறித்த ஒரு மதிப்பீடு

முன்னுரை

2020 மார்ச்சில் நாடு தழுவிய ஊரடங்கு நடைமுறைக்கு வந்தபின், தமிழ் நூல் வெளியீட்டு விழாக்கள் அரங்குகளிலிருந்து ஜூம், கூகுள் மீட், முகநூல் நேரலை ஆகிய தளங்களுக்கு இடம்பெயர்ந்தன. தொற்றுக்காலம் கடந்த பின்னரும் அவ்வழக்கம் நின்றுவிடவில்லை. குறிப்பாக, முதல் நாவலை எழுதியவர்க்கு இணையவழி வெளியீடும், நாவலின் ஒரு பகுதியை வாசித்துக் காட்டும் நிகழ்வும் நூலை அறியச்செய்யும் முதன்மை வழிகளாகியுள்ளன. இவ்வழக்கத்தை விளம்பர ஆரவாரம் என்று ஒதுக்குவதும், இலக்கியத்தின் மக்கள்மயமாக்கம் என்று கொண்டாடுவதும் ஒருசேர நிகழ்கின்றன. இவ்விரு நிலைகளுக்கும் அப்பால், புதிய நூலொன்றை அவைக்கு அறிமுகப்படுத்துவது பற்றித் தமிழ் இலக்கண மரபு வகுத்த கருத்தாக்கங்களைக் கொண்டு இணையவழி வெளியீட்டை மதிப்பிட இக்கட்டுரை முற்படுகிறது. அம்மதிப்பீட்டுக்குரிய களமாக ஏற்காடும் அதனை உள்ளடக்கிய சேர்வராயன் மலைத்தொடரும் கொள்ளப்படுகின்றன.

பாயிரமும் அரங்கேற்றமும்

பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், பாயிரவியலில் நூலறிமுகத்துக்கு விரிவான விதிகளைத் தருகிறது. சிறப்புப்பாயிரம் ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் ஆகிய எட்டினையும் தெரிவிக்க வேண்டும். காலம், களம், காரணம் ஆகிய மூன்றையும் சேர்த்துக் கூறுவோரும் உளர் என்று நன்னூலாரே குறிப்பிடுகிறார். நூல் வழங்கும் நிலப்பரப்பை எல்லை என்பதும், நூல் அரங்கேறிய அவையைக் களம் என்பதும் சுட்டும்.

பாயிரம் உரைத்தற்கு உரியோர் யாவர் என்பதும் வரையறுக்கப்படுகிறது. ஆசிரியனின் ஆசிரியர், அவனொடு கற்றவர், அவன் மாணாக்கர், தகுதியுடைய உரைகாரர் என அந்நால்வரும் ஆசிரியனுக்கோ நூலுக்கோ அணுக்கமானவர்கள். ஆகவே, நண்பர்களும் உடன் எழுதுவோரும் கூடி ஒரு புதிய நாவலைப் புகழ்கின்றனர் என்பதை மட்டும் வைத்து இணையவழி வெளியீட்டைக் குறைகூற மரபில் இடமில்லை. ஆசிரியன் தன்னைத் தானே புகழ்தல் தகாது என்ற விதிக்கும் நன்னூல் விலக்குகள் தருகிறது. தன் ஆற்றலை அறியாதோர் இடையில் நிற்கும் புலவன் தன்னைப் புகழ்ந்துரைக்கலாம் என்பது அவற்றுள் ஒன்று. முதல் நாவலாசிரியரின் நிலை துல்லியமாக இதுவே. தன் நூலைப் பற்றித் தானே நேரலையில் பேசும் அறிமுக எழுத்தாளரை நாணமற்றவர் என்று கடிவோர் இவ்விலக்கினை எண்ணிப் பார்ப்பதில்லை.

எனினும், மரபில் பாயிரமும் அரங்கேற்றமும் வெவ்வேறு செயல்கள். தொல்காப்பியச் சிறப்புப்பாயிரத்தைப் பனம்பாரனார் பாடினார். அவரை உரையாசிரியர்கள் தொல்காப்பியருடன் கற்றவராகக் கொள்வர். ஆனால், அப்பாயிரம் தெரிவிக்கும் செய்தியில் நிலந்தரு திருவின் பாண்டியன் அவையில் நூலின் குற்றங்களை ஆராய்ந்து கேட்டவர் அதங்கோட்டாசான். அறிமுகம் செய்தவர் ஒருவர், ஆராய்ந்தவர் மற்றொருவர். கம்பராமாயணம் திருவரங்கத்தில் அரங்கேறுமுன் பலருடைய இசைவைப் பெறவேண்டியிருந்தது என்ற செவிவழிக் கதையும், வரலாற்று உண்மையாக இல்லாவிடினும், அரங்கேற்றம் என்பது தடைகளுக்கு விடைகூறும் நிகழ்வு என்ற தமிழ்ச் சமூகத்தின் எதிர்பார்ப்பைக் காட்டுகிறது.

இன்றைய வெளியீட்டு நிகழ்வு இவ்விரண்டையும் ஒன்றாக்கிவிட்டது. அது செய்வது பாயிரத்தின் பணி; அதற்கு வழங்கப்படும் மதிப்போ அரங்கேற்றத்தின் மதிப்பு. நூல் வெளிவரும் நாளிலேயே வெளியீடு நிகழ்வதால், கேட்போர் அதனைப் படித்திருக்க வாய்ப்பில்லை. படிக்காதவர் தடை எழுப்பவும் இயலாது. இக்குறை அரங்கில் நிகழும் வெளியீட்டுக்கும் உண்டு. இணையம் அதனை உருவாக்கவில்லை. பதிவாக்கி நிலைபெறச் செய்கிறது.

வாசித்துக் காட்டுதலும் நாவல் வடிவமும்

கவிதையை அவையில் முழுமையாக வாசிக்கலாம். சிறுகதையையும் அரைமணி நேரத்தில் வாசித்து முடிக்கலாம். நாவலிலிருந்து ஒரு பகுதியை மட்டுமே வாசிக்க முடியும். ராஜம் ஐயரின் ‘கமலாம்பாள் சரித்திரம்’ 1893 முதல் 1895 வரை ‘விவேக சிந்தாமணி’ இதழில் தொடராக வந்து, பின்னரே நூலாயிற்று. தொடராக வெளியிடுதலும் நாவலைப் பிரித்தே தந்தது. ஆயினும் காத்திருந்த வாசகர்க்கு அது இறுதியில் முழுமையைத் தந்தது. இணையவழி வாசிப்போ ஒரு பகுதியைத் தந்து அதன்மூலம் முழுமையை உய்த்துணரச் சொல்கிறது.

இதன் விளைவு எப்பகுதி தெரிவு செய்யப்படுகிறது என்பதில் வெளிப்படும். பதினைந்து நிமிடத்தில் தன்னளவில் நிறைவு தரும் காட்சியே வாசிப்புக்கு உகந்தது. ஏற்காட்டைக் களமாகக் கொண்ட ஒரு நாவலை எண்ணிப் பார்க்கலாம். பனி இறங்கும் ஏரி, மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகள், காப்பி பூக்கும் பருவம் ஆகியவற்றின் வருணனை கேட்போரை உடனே ஈர்க்கும். காப்பித் தோட்டத்தின் தினக்கூலிக் கணக்கு, நிலம் கைமாறிய வரலாறு, மூன்று தலைமுறைகளில் ஒரு குடும்பம் தோட்ட வேலையிலிருந்து சமவெளி நோக்கி நகர்ந்த கதை ஆகியவை பல அதிகாரங்களில் சிறுகச் சிறுகத் திரள்பவை. அவற்றைத் துண்டித்து வாசித்தால் பொருள் தெளிவுறாது. இவ்வாறு, அறிமுகத்தின் வடிவமே சுற்றுலாப் பயணியின் ஏற்காட்டை முன்னிறுத்தி, அங்கு வாழ்வோரின் ஏற்காட்டைப் பின்தள்ளும் இயல்புடையதாகிறது. வாசிப்பு நிகழ்வுகள் பெருகும் சூழலில், எழுதும்போதே வாசித்துக் காட்டத் தக்க காட்சிகளை நாடும் போக்கு அறிமுக எழுத்தாளரிடம் உருவாகக்கூடும் என்பதும் கருதத்தக்கது.

பகுதி முழுமையின் இடத்தைப் பிடிக்கும்போது நேரும் இடரின் கடுமையான சான்று, பழைய சேலம் மாவட்டத்தின் எல்லைக்குள்ளேயே உள்ளது. பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ 2010இல் வெளிவந்தது. 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் எழுந்த எதிர்ப்பின்போது நாவலிலிருந்து தெரிந்தெடுக்கப்பட்ட பக்கங்கள் படியெடுத்துப் பரப்பப்பட்டன. நாவல் முழுவதும் விரியும் குழந்தையின்மையின் துயரும் கணவன் மனைவியின் அன்பும் அப்பக்கங்களில் இல்லை. 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர்நீதிமன்றம் எழுத்தாளருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. அங்குப் பகுதியைப் பிரித்தவர்கள் எதிர்ப்பாளர்கள். வெளியீட்டு நிகழ்வில் பிரிப்பவர் ஆதரவாளர். நோக்கம் முற்றிலும் வேறு. ஆயினும் நாவலை அதன் ஒரு பகுதியைக் கொண்டு அறியலாம் என்ற எடுகோள் இரண்டிலும் பொதுவானது.

கேட்போரும் எல்லையும்: சேர்வராயன் மலை

நன்னூல் கூறும் ‘கேட்போர்’ என்ற உறுப்பு சேர்வராயன் மலையைப் பொறுத்தவரை தனிக் கவனம் வேண்டுகிறது. 1820களில் சேலம் ஆட்சியராக இருந்த எம். டி. காக்பர்ன் இம்மலையில் காப்பிப் பயிரை அறிமுகப்படுத்தியதிலிருந்து மலையைப் பற்றிய எழுத்துகள் பெருகின. லெ ஃபானுவின் சேலம் மாவட்டக் கையேடு 1883இலும், தர்ஸ்டனின் ஏழு தொகுதிகள் 1909இலும், ரிச்சர்ட்ஸின் சேலம் மாவட்ட விவரச்சுவடி 1918இலும் வெளிவந்தன. இவற்றில் மலையாளி மக்கள் பேசப்பட்டனர். ஆனால் இவற்றின் கேட்போர் அவர்கள் அல்லர். ஆட்சியாளரும் தோட்ட முதலாளிகளும் ஆங்கிலம் கற்றோருமே இந்நூல்கள் கருதிய அவையினர்.

மலையாளி என்னும் பெயர் மலையை ஆள்வோர், மலையில் வாழ்வோர் என்னும் பொருளில் வழங்குவது. கேரளத்து மலையாள மொழியுடன் அதற்குத் தொடர்பில்லை. காஞ்சிபுரத்திலிருந்து உடன்பிறந்தார் மூவர் வந்து மலைகளில் குடியேறினர் என்பது அவர்களிடையே வழங்கும் தோற்றக்கதை. அவர்களது மொழி தமிழ். சேலம் உள்ளிட்ட மாவட்டங்களில் பட்டியல் பழங்குடியினராக ஏற்கப்பட்ட இம்மக்களுக்கும் தமிழ் நாவலுக்கும் இடையே மொழித்தடை ஏதும் இல்லை. தம்மைப் பற்றி எழுதப்படும் தமிழ் நாவலுக்கு அவர்கள் நேரடிக் கேட்போராக இருக்க முடியும். கேட்போராக அவர்கள் அழைக்கப்படுகின்றனரா என்பதே வினா.

இணையம் இவ்வினாவுக்கு விடையளிக்கும் என்ற நம்பிக்கை ஓரளவு நியாயமானது. முன்பு ஏற்காட்டிலோ சேலத்திலோ எழுதத் தொடங்கிய ஒருவர், 1977 முதல் நடைபெற்றுவரும் சென்னைப் புத்தகக் காட்சியை ஒட்டித் தலைநகரில் அரங்கம் பிடித்தாலன்றிக் கவனம் பெறுதல் அரிது. இன்று அரங்க வாடகையும் பயணச் செலவும் இன்றி, கொழும்பு, சிங்கப்பூர், டொராண்டோ ஆகிய நகரங்களின் வாசகரை அவர் ஒரே மாலையில் சந்திக்கலாம். வீட்டுப் பொறுப்புகளால் மாலைக் கூட்டங்களுக்குச் செல்ல இயலாத பெண்களுக்கும், பயணம் செய்ய இயலாத முதியோர்க்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் இது திறந்த வாயில். ஸ்ருதி டி.வி. போன்ற யூடியூப் அலைவரிசைகள் இலக்கியக் கூட்டங்களைப் பதிவுசெய்து வைத்திருப்பதால், சமகால இலக்கியத்தை ஆராய்வோர்க்கு முன் இல்லாத ஒரு சான்றுத் தொகுதியும் உருவாகியுள்ளது.

ஆனால், எல்லை விரியும்போது அண்மை சுருங்குதலும் உண்டு. 2020–21இல் பள்ளிப் பாடங்கள் இணையத்துக்கு மாறியபோது, தமிழகத்தின் பல மலைப்பகுதிகளில் மாணவர்கள் அலைவரிசை தேடி மேட்டிலும் மரத்திலும் ஏறிய செய்திகள் வெளிவந்தன. பாடத்துக்கே எட்டாத தொடர்பு இரண்டு மணிநேர நூல் வெளியீட்டுக்கு எட்டும் என்று எதிர்பார்த்தல் பொருந்தாது. மலையைப் பற்றிய நாவலின் வெளியீட்டில் டொராண்டோ வாசகர் பங்குகொள்ள, மலையுச்சி ஊரில் வாழ்பவர் பங்குகொள்ள இயலாத நிலை நேருமாயின், 1883இல் கையேடு கொண்ட அவையிலிருந்து அது அடிப்படையில் வேறுபட்டதாகாது.

மெதுவாகப் பரவிய இரு முதல் நாவல்கள்

அறிமுக ஆரவாரமின்றியும் மலை நாவல்கள் தம் வாசகரைக் கண்டுள்ளன. வால்பாறைப் பகுதித் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றிய பி. எச். டேனியலின் ‘ரெட் டீ’ 1969இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் ‘எரியும் பனிக்காடு’ என 2007இல் தமிழுக்கு வந்தபோது முப்பத்தெட்டு ஆண்டுகள் கடந்திருந்தன. 2013இல் வெளியான ‘பரதேசி’ திரைப்படம் அதனை மேலும் பரவலாக்கியது. ச. பாலமுருகனின் முதல் நாவலான ‘சோளகர் தொட்டி’ 2004இல் வெளிவந்தது. வீரப்பன் தேடுதல் வேட்டையின்போது அதிரடிப்படையால் சோளகர்கள் பட்ட துன்பத்தைக் கூறும் அந்நாவலின் பின்னே, மனித உரிமைச் செயற்பாட்டாளராக அம்மக்களிடையே ஆசிரியர் ஆற்றிய பணி இருந்தது.

இவ்விரண்டையும் காட்டி நல்ல நாவல் தானே வழி காணும் என்று முடிவுகட்டுதல் பிழை. முப்பத்தெட்டு ஆண்டு மௌனம் எந்த நாவலுக்கும் நன்மை செய்வதன்று. வழி காணாமல் மறைந்தவற்றைப் பட்டியலிட யாராலும் இயலாது. இவற்றிலிருந்து பெறத்தக்கது வேறொன்று: இரு நாவல்களிலும் எழுதப்பட்ட மக்களோடு ஆசிரியருக்கு இருந்த தொடர்பு நூலுக்கு முற்பட்டது. வெளியீட்டு நிகழ்வு அத்தொடர்பை ஈடுசெய்ய முடியாது; இருந்தால் அதனை வெளிப்படுத்த மட்டுமே முடியும்.

ஆய்வுலகின் பொறுப்பு

வெளியீட்டு உரைகள் காணொலிகளாக நிலைபெற்றதால் ஆய்வேடுகளில் அவை மேற்கோளாக இடம்பெறும் வாய்ப்பு மிகுந்துள்ளது. முதல் நாவல் ஒன்றுக்கு அச்சில் விரிவான மதிப்புரைகள் கிடைக்காதபோது, கைக்கெட்டும் சான்று வெளியீட்டுக் காணொலியே. அவ்வுரைகளைத் திறனாய்வுக் கருத்துகளாக எடுத்தாளுதல் பாயிரத்தை உரையாகக் கொள்ளும் பிழையை ஒத்தது. அவற்றைப் பாயிரமாகவே படித்தல் வேண்டும்: யார் உரைத்தார், ஆசிரியருக்கு அவர் என்ன உறவினர், எவரைக் கேட்போராகக் கருதினார், எப்பகுதி வாசிக்கப்பட்டது, எது விடப்பட்டது என்னும் வினாக்களோடு அணுகினால் அவை வரவேற்பு வரலாற்றுக்குச் சிறந்த மூலங்களாகும்.

மேலும், இழந்துபோன அரங்கேற்றப் பணியை மீட்கும் இடமும் ஆய்வுலகிடமே உள்ளது. வெளியீட்டுக்குச் சில மாதங்களின் பின், படித்து முடித்தவர்கள் மட்டும் கூடி ஆசிரியர் முன்னிலையில் தடையும் விடையுமாக விவாதிக்கும் இரண்டாம் அமர்வைக் கல்லூரித் தமிழ்த்துறைகள் எளிதில் நடத்தலாம். அதற்கு இணையமே போதுமானது. சேர்வராயன் மலையை எழுதிய நாவலெனில், அவ்வமர்வு மலையூர்ப் பள்ளியிலோ நூலகத்திலோ நேரில் நடந்து, அதன் பதிவு இணையத்தில் ஏறுதல் தகும். திசை மாற்றம் இங்கு முதன்மையானது: நகரின் பேச்சு மலைக்கு அனுப்பப்படாமல், மலையின் பேச்சு வெளியுலகுக்குச் செல்லும்.

முடிவுரை

முதல் நாவலாசிரியர் தம் நூலை இணையவழியில் அறிமுகப்படுத்துதல் மரபுக்கு மாறானதன்று. நன்னூலின் பாயிர விதிகள் அதற்கு இடமளிக்கின்றன. குறை அறிமுகத்தில் இல்லை. அறிமுகம் முடிந்தவுடன் மதிப்பீடும் முடிந்ததாகக் கொள்வதில் உள்ளது. பாயிரம் பெற்று அரங்கேற்றம் பெறாத நாவல்கள் பெருகுதல் அறிமுக எழுத்தாளருக்கே பேரிழப்பு. இரண்டாம் நாவலை எழுதத் துணைசெய்யும் எதிர்க்கருத்து அவருக்குக் கிடைப்பதில்லை. எழுதப்பட்ட மக்கள் கேட்போராக அமரும் அவை கூடும் வரை, சேர்வராயன் மலையைப் பற்றிய எந்த நாவலுக்கும் ‘களம்’ என்ற உறுப்பு நிரப்பப்படாத இடமாகவே இருக்கும்.