காண்டலும் கருதலும்

நேரிற் காண்டல், கண்டதுகொண்டு கருதல், பிறர் சொல்லும் உரை என்று நம் தருக்க நூலார் வகுத்த, அறிதற்குரிய அளவைகள் மூன்றனுள், விஞ்ஞானத்தைப் பாமரர்க்கு எடுத்துரைக்க முற்படுவோர் பெரும்பாலும் உரை ஒன்றையே பற்றி நிற்கின்றனர். பழனி மலைத்தொடரில், கடல்மட்டத்துக்கு 2,343 மீட்டர் உயரத்தில், 1899இல் நிறுவப்பெற்ற கோடைக்கானல் சூரிய ஆய்வுக்கூடமோ, தன் காட்சிக்கூடத்துக்கு வருவோர்க்கு அவ்வேளையில் வானில் காய்ந்துகொண்டிருக்கும் சூரியனின் பிம்பத்தையே வீழ்த்திக் காட்டுவதுடன், அதன் ஒளியை நிறமாலையாகப் பிரித்து, இடையிடையே ஓடும் பிரான்ஹோபர் கருங்கோடுகளையும் காணச் செய்கிறது. மனமாரப் பாராட்டத்தக்க முறை இது. ஆராய்ச்சியாளர் எதைக்கொண்டு சூரியனை அறிகின்றனரோ, அந்த ஒளியே பள்ளிச் சிறுவனின் கண்முன்னும் விரிகிறது.

ஆயினும், கண்டதை விளக்கப் புகும்போது இத்தகைய காட்சிக்கூடங்கள் யாவும் எளிமையை நாடிச் சறுக்குவதுண்டு. சூரியப் புள்ளி ‘குளிர்ந்த இடம்’ என்கிறோம். சுற்றியுள்ள பரப்பு ஏறக்குறைய 5,500 பாகை செல்சியஸ் வெப்பமுடையதாயிருக்க, புள்ளியின் நடுவிடம் அதனினும் ஆயிரத்தைந்நூறு பாகையளவு தாழ்ந்திருப்பதால் கருமையாகத் தோன்றுகிறதேயன்றி, அதனைத் தனியே பெயர்த்து வானில் வைக்கக்கூடுமாயின் கண்கூச ஒளிரும் என்பதைச் சொல்லாது விட்டால், கேட்பவன் கரியும் சாம்பலுமான ஒரு பள்ளத்தையே கற்பனை செய்துகொண்டு மலையிறங்குவான்.

இதனினும் பெரிய குறை, கருதலுக்கு இடமின்மை. 1909ஆம் ஆண்டு ஜனவரியில் வானியலறிஞர் ஜான் எவர்ஷெட் இவ்வாய்வுக்கூடத்தில் கண்டறிந்த விளைவை, ‘புள்ளியிலிருந்து வாயு வெளிநோக்கிப் பாய்கிறது’ என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிடலாம். மனப்பாடத்துக்கு அது போதும். ஆனால் அவர் வாயு பாய்வதைப் பார்க்கவில்லை. கோடுகள் பிறழ்வதைத்தான் பார்த்தார். புள்ளி சூரிய வட்டத்தின் நடுவே நிற்கையில் கோடுகள் பிறழவில்லை. விளிம்பை அணுகியபோதோ, புள்ளியைச் சூழ்ந்த மங்கற்பகுதியில், விளிம்புப் பக்கத்துக் கோடுகள் சிவப்பை நோக்கியும், எதிர்ப்பக்கத்தன நீலத்தை நோக்கியும் நகர்ந்தன. கொடைரோடு நிலையத்தைக் கடந்தோடும் ரயிலின் ஊதல், வரும்போது உச்சமாயும் அகலும்போது தணிந்தும் ஒலிப்பதைக் கேட்டவன், அதே முறையை ஒளிக்கும் பொருத்தினால், ஒரு பக்கத்து வாயு நம்மை நோக்கி வருகிறது, மறுபக்கத்தது விலகுகிறது என்று தானே உணர்வான். வட்டத்தின் நடுவே பிறழ்வின்மையோ, அவ்வோட்டம் சூரியப் பரப்பையொட்டிக் கிடையாகச் செல்கிறது என்பதற்குச் சான்றாகிறது. இந்த அனுமானச் சங்கிலியில் கணிதம் ஏதுமில்லை. பதின்மூன்று வயதுப் பிள்ளையும் தொடரக்கூடியது.

கூட்டமும் குறுகிய நேரமும் இவ்வாறு கருதவிடுவதற்குத் தடை என்பர். விடுமுறைக் காலத்தில் அது மெய்யே. தமிழில் இயலாது என்பார்க்குப் பெ. நா. அப்புசாமியின் விஞ்ஞானக் கட்டுரைகளே விடையாகும். வட்டத்தின் நடுவே நின்ற புள்ளியின் நிறமாலைப் படம் ஒன்றையும், விளிம்பருகே நின்றதன் படம் ஒன்றையும் பக்கம்பக்கமாக வைத்து, விளக்கத்தை எழுதாமல், ‘எங்கே கோடு சாய்ந்திருக்கிறது?’ என்னும் கேள்வியை மட்டும் கீழே எழுதிவைப்பதற்கு அதிகப் பொருட்செலவும் ஆகாது.