வேலை நிலைக்கிறது, பதவி நகர்வதில்லை

தகவல் தொழில்நுட்ப நிறுவனமான டிசிஎஸ் 2023-இல் வெளியிட்ட ஆண்டறிக்கையில், வேலையை விட்டுப் போகும் பெண்களின் விகிதம் ஆண்களுடையதைத் தாண்டிவிட்டதாக ஒரு குறிப்பு இருந்தது. அப்போது ஆறு லட்சம் பேர் வேலை பார்த்த நிறுவனம். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பெண்கள். அதற்கு முன்பெல்லாம் அங்கே பெண்கள் விலகுவது ஆண்களின் அளவிலோ அதற்குக் கீழோதான் இருந்துவந்தது. கொரோனாக் காலத்தில் வீட்டிலிருந்து வேலை பார்த்தபோது சில பெண்களின் குடும்ப ஏற்பாடுகள் மாறியிருக்கலாம், அலுவலகத்துக்குத் திரும்பியபோது அவை பழையபடி அமையாமல் போயிருக்கலாம் என்பது அப்போதைய மனிதவளத் தலைவர் மிலிந்த் லக்கட் சொன்ன ஊகம்.

இதைப் படித்த பலரும் உடனே ஒரு முடிவுக்கு வந்தார்கள்: வீட்டிலிருந்து வேலை செய்ய விட்டால் பெண்கள் நிற்பார்கள். அது சரிதான். ஆனால் நின்றவர்கள் எந்தப் படியில் நிற்கிறார்கள் என்று அதிகம் பேர் கேட்கவில்லை.

முதலில் நன்மையைக் குறைத்து மதிப்பிடாமல் சொல்லிவிட வேண்டும். மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் செலவிடுவது சராசரியாக 289 நிமிடம். ஆண்கள் 88 நிமிடம். குழந்தை, முதியோர் பராமரிப்பு இதில் சேராது. இந்தச் சுமையோடு அம்பத்தூரிலிருந்து சிறுசேரிக்குப் போய் வருகிற ஒருத்திக்கு, வாரத்தில் இரண்டு நாள் பயணம் மிச்சமாவதை யாரும் சலுகை என்று சொல்லிக் கொச்சைப்படுத்தக் கூடாது. அந்த நேரம்தான் அவர் வேலையில் தொடர்வதா, விடுவதா என்பதையே முடிவு செய்கிறது.

பதவி உயர்வு என்று வரும்போதுதான் கதை சிக்கலாகிறது. இதில் எனக்குத் தெரிந்து மிகத் தெளிவான சான்று சீனாவிலிருந்து வருகிறது. ஸ்டான்ஃபோர்டு பொருளியலாளர் நிக்கோலஸ் புளூமும் உடன் ஆய்வாளர்களும் ஒரே பயண நிறுவனத்தில், பத்தாண்டு இடைவெளியில் இரண்டு சோதனைகள் நடத்தினார்கள். முதல் சோதனை 2010-இல் தொடங்கியது. சிட்ரிப் என்ற அந்த நிறுவனத்தின் ஷாங்காய் கால் சென்டர் ஊழியர்களில் ஒரு பகுதியினர் ஒன்பது மாதம், வாரத்தில் நான்கு நாள் வீட்டிலிருந்தே வேலை பார்த்தார்கள். வேலைத்திறன் 13 சதவீதம் கூடியது. விலகுவோர் எண்ணிக்கை பாதியானது. ஆனால் ஒரே அளவு வேலைத்திறன் காட்டியவர்களை ஒப்பிட்டபோது, வீட்டில் இருந்தவர்களுக்குப் பதவி உயர்வு கிடைக்கும் வாய்ப்பும் ஏறக்குறையப் பாதியாகியிருந்தது. கூடுதலாக வேலை செய்து, குறைவாக உயர்ந்தார்கள். கண்ணில் படாதவர் கணக்கிலும் வருவதில்லை.

இரண்டாவது சோதனை 2021-22-இல் நடந்தது. அதற்குள் நிறுவனத்தின் பெயர் டிரிப்.காம் ஆகியிருந்தது. இம்முறை பொறியாளர், கணக்கர், சந்தைப் பிரிவினர் என்று 1,612 பட்டதாரிகள். புதன், வெள்ளி மட்டும் வீடு. மற்ற மூன்று நாளும் அலுவலகம். விலகல் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. பெண்களிடமும் தொலைவிலிருந்து வருபவர்களிடமும் இது நன்றாகவே தெரிந்தது. அடுத்த இரண்டு ஆண்டுகளைப் பார்த்தும், பதவி உயர்வில் பாதிப்பு எதுவும் இல்லை.

இதை வைத்து, ‘இரண்டு நாள் என்றால் ஆபத்தில்லை’ என்று நம் மனிதவளத் துறையினர் நிம்மதி அடைந்துவிடலாகாது. அங்கே யாருக்கு வீடு, யாருக்கு அலுவலகம் என்பதைப் பிறந்த தேதி ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்பது முடிவு செய்தது. யாரும் மேலாளரிடம் போய்த் தயங்கித் தயங்கிக் கேட்கவில்லை. நம் ஊரில் பெரும்பாலும் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. கேட்பவரும் பெரும்பாலும் பெண்தான். கேட்ட கணத்திலேயே அவர் மேல் ஒரு முத்திரை விழுந்துவிடுகிறது.

அந்த முத்திரை வேலை செய்யும் இடம் அப்ரைசல் கூட்டம். ரேட்டிங்கைச் சரிசெய்ய நான்கைந்து மேலாளர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். திரையில் எக்செல் பட்டியல். ஒரு பெண்ணின் பெயர் வருகிறது. “நல்லாத்தான் பண்றாங்க. ஆனா கைக்குழந்தை இருக்கு, வாரம் ரெண்டு நாள் வீட்ல இருந்து. ஆன்சைட் அனுப்ப முடியாது. அடுத்த வருஷம் பாத்துக்கலாமே.” சொல்பவர் கெட்டவர் இல்லை, அந்தப் பெண் மேல் அக்கறை உள்ளவராகக்கூட இருப்பார். அடுத்த பெயருக்குப் போய்விடுகிறார்கள். ஆன்சைட், அதாவது வெளிநாட்டில் வாடிக்கையாளரின் இடத்துக்கே, போக முடியுமா என்று அவரிடம் ஒருவரும் கேட்கவில்லை. மூன்று மாதப் பயணம் என்றால் அம்மாவை வரவழைத்துப் போய்விட்டு வந்திருப்பாரோ என்னவோ. திட்டினால் எதிர்த்துப் பேசலாம், புகார் கொடுக்கலாம். இரக்கப்பட்டு ஒதுக்குகிறவரை என்ன செய்வது?

நேர நெகிழ்வுக்கு இன்னொரு முகமும் உண்டு. நியூயார்க்கில் காலை பத்து மணி என்றால் சென்னையில் இரவு ஏழரை, குளிர்காலத்தில் எட்டரை. குழந்தைக்குச் சோறூட்டும் அதே நேரத்தில்தான் வாடிக்கையாளர் அழைப்பும் வருகிறது. மாலை நான்கு மணிக்குப் பள்ளியிலிருந்து குழந்தையை அழைத்துவர அனுமதி கொடுத்தவர்கள், இரவு பத்து வரை கிடைப்பார் என்ற எதிர்பார்ப்பையும் சேர்த்தே கொடுக்கிறார்கள். எட்டு மணி நேர வேலை பதினான்கு மணி நேரத்துக்குப் பரவிக் கிடக்கிறது. அழைப்பில் தொடர்ந்து இருப்பவருக்கு வாடிக்கையாளரின் நம்பிக்கை. நம்பிக்கை பெற்றவருக்கு டெலிவரி மேனேஜர் பதவி. எட்டரை மணிக்கு மடிக்கணினியை மூடுகிறவர் டெஸ்டிங் பக்கம் நகர்த்தப்படுகிறார்.

எந்நேரமும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவருக்கு அளவுக்கு மீறிப் பரிசளிக்கும் இத்தகைய வேலைகளைப் பற்றித்தான் 2023-இல் பொருளியல் நோபல் பெற்ற கிளாடியா கோல்டின் தொடர்ந்து எழுதிவருகிறார். அவர் காட்டும் மாற்று, அமெரிக்க மருந்தாளுநர் தொழில். மருந்துக் கடைகள் பெரிய சங்கிலி நிறுவனங்களாகி, நோயாளியின் விவரமெல்லாம் கணினிக்கு வந்த பிறகு, ஒரு மருந்தாளுநரின் இடத்தில் இன்னொருவர் நிற்க முடிந்தது. குறைந்த நேரம் வேலை பார்ப்பவருக்கும் மணிக்கணக்கில் பார்த்தால் ஏறக்குறைய அதே ஊதியம். ஆண் பெண் இடைவெளியும் அங்கே குறைவு. சலுகை கொடுத்து வந்த சமத்துவம் இல்லை அது. வேலையையே கைமாற்றக்கூடியதாக ஆக்கியதால் வந்தது.

நம் சட்டம் இந்தத் திசையில் யோசிக்கவில்லை. 2017-இல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தி, விடுப்பை 26 வாரமாக்கினார்கள். ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றார்கள். இரண்டும் நல்லவை. விடுப்பு முடிந்தபின் வீட்டிலிருந்து வேலை பார்ப்பதை மட்டும், முதலாளியும் ஊழியரும் பேசி ஒத்துக்கொண்டால் என்று விட்டுவிட்டார்கள். பிரசவம் முடிந்து திரும்பிய பெண்ணும் நிறுவனமும் மேசையின் இரு பக்கத்திலும் சம பலத்தோடு உட்கார்ந்து பேசுவார்கள் என்று நம்புவது அப்பாவித்தனம். தனியார் துறையில் தந்தைக்குச் சட்டப்படி ஒரு நாள் விடுப்பும் கிடையாது என்பதால், பராமரிப்பு பெண்ணின் தனிப்பட்ட பிரச்சினை என்ற எண்ணம் அப்படியே நீடிக்கிறது.

எதிர்த்தரப்பிலும் நியாயம் இருக்கிறது. புதிதாகச் சேர்ந்தவர்கள் பக்கத்தில் உட்கார்ந்துதான் தொழில் கற்கிறார்கள். ஒரு சந்தேகத்தை எட்டிப் பார்த்துக் கேட்பதும் சாட்டில் தட்டச்சு செய்து காத்திருப்பதும் ஒன்றல்ல. முதல் இரண்டு ஆண்டுகளில் முழுக்க வீட்டிலிருந்து வேலை கேட்கும் பெண்ணுக்கு, வேண்டாம் என்றுதான் நானும் சொல்வேன். திடீர் வேலையெல்லாம் அலுவலகத்தில் இருக்கும் திருமணமாகாதவர் தலையில் விழுகிறது என்ற முணுமுணுப்பும் பொய்யில்லை. ஆனால் இவை எல்லோரும் ஒரே நாட்களில் அலுவலகம் வருவதற்கான காரணங்கள். கேட்டு வாங்கியவரின் ரேட்டிங்கைக் குறைப்பதற்கு இவற்றில் எதுவும் காரணமாகாது.

ஆகவே என் கணிப்பு இது. பெண்ணுக்கு மட்டும், மேலாளரின் தயவில் கிடைக்கும் நெகிழ்வு அவரை வேலையில் நிறுத்தும், மேலே ஏற்றாது. அணி முழுவதற்கும் விதியாக வந்து, ஆண்களும் அதை எடுத்து, ஒரு வாடிக்கையாளருக்கு இரண்டு பொறுப்பாளர்கள் என்ற ஏற்பாடும் சேர்ந்தால்தான் பதவி உயர்வுக் கணக்கு மாறும். இரண்டு பேர் என்றால் செலவு கூடும்தான். ஆனால் பத்து வருட அனுபவம் உள்ள ஒருவர் விலகினால் அவர் இடத்துக்கு ஆள் பிடித்துப் பழக்குவதும் இலவசமில்லை.

வேலை மாற நினைக்கும் பெண்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நேர்காணலின் முடிவில் “ஏதாவது கேட்கணுமா?” என்பார்கள். சில நாள் வீடு, சில நாள் அலுவலகம் என்ற ஹைப்ரிட் வசதி உண்டா என்று கேட்காதீர்கள். உண்டு என்றுதான் சொல்வார்கள். கடந்த மூன்று ஆண்டுகளில் அந்த வசதியை எடுத்தவர்களில் எத்தனை பேருக்குப் பதவி உயர்வு வந்தது, அவர்களில் ஆண்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள்.