குற்றவாளி இல்லாத கதை

மனநோய்க்கு மூளையில் காரணம் தேடும் விஞ்ஞானத்தின் மேல் நம் எழுத்தாளர்களுக்கு ஓர் இளக்காரம் உண்டு. மனிதனை ரசாயனமாகக் குறுக்கிவிடுகிறார்களாம். பைத்தியம் ஓர் அகப்பயணமாகவும் இருக்கலாம் என்று 1967-ல் ஆர்.டி. லெயிங் எழுதியதே நமக்கு இன்றும் உவப்பாக இருக்கிறது. இந்த உவப்புக்கு யார் விலை கொடுத்தார்கள் என்பதை ராபர்ட் கோல்க்கரின் 'ஹிடன் வேலி ரோடு' (2020) காட்டுகிறது.

அமெரிக்காவில், கொலராடோவில் ஒரு குடும்பம், கால்வின் குடும்பம். பன்னிரண்டு குழந்தைகள். பத்து ஆண்பிள்ளைகளில் ஆறு பேருக்கு மனச்சிதைவு என்றார்கள் வைத்தியர்கள். அன்றைய மனவைத்தியம் திரும்பிப் பார்த்தது தாயைத்தான். மனச்சிதைவை உண்டாக்கும் தாய் என்ற தொடரை 1948-ல் ஃப்ரீடா ஃப்ரொம்-ரைக்மன் எழுதினார். பின்னால் வந்தவர்கள் அதைச் சித்தாந்தமாக்கினார்கள். சோதனையில் தேறிய உண்மையல்ல அது; எடுப்பான ஒரு சொற்சேர்க்கை. விமர்சகன் கவனிக்கவேண்டிய இடம் இது.

அந்தப் பழியை இறக்கியதில் பெரும்பங்கு வெறும் கணக்கெடுப்புக்கு. டென்மார்க்கில் தத்துப்போனவர்களை ஆராய்ந்து ஸைமர் கெட்டி குழுவினர் 1968-ல் வெளியிட்ட முடிவில், நோய் வளர்த்த குடும்பத்தில் அல்ல, பெற்ற வழியில்தான் கூடுதலாகத் தெரிந்தது. கால்வின் குடும்பத்தாரிடம் எண்பதுகளில் லின் டெலிசி ரத்தம் சேகரித்தார். 2016-ல் ஷாங்க்2 என்ற மரபணுவில் ஒரு திரிபு புலப்பட்டது. மூளைச் செல்களின் இணைப்புகளுக்கு வேண்டிய மரபணு அது.

இங்கேதான் கோல்க்கரோடு எனக்குத் தகராறு. குடும்ப அத்தியாயம், ஆய்வு அத்தியாயம் என்று மாற்றி மாற்றி அடுக்கித் துப்பறியும் நாவலின் எதிர்பார்ப்பைக் கிளப்புகிறார். தாய் நின்ற கூண்டில் இப்போது மரபணு ஏறி நிற்கிறது. ஆராய்ச்சியோ அப்படிச் சொல்லவில்லை. வங்கியில் நாளெல்லாம் எண்களோடு இருப்பவன் நான். எண்களைப் படிக்கத் தயக்கமில்லை. சுமார் 76,000 நோயாளிகளை வைத்து 2022-ல் வெளியான ஆய்வு, மரபுத்தொகுதியில் 287 இடங்களைச் சுட்டியது. பொதுவாக ஒவ்வொன்றின் பங்கும் மிகச் சிறிது. ஒரே கருவில் பிரிந்த இரட்டையரில் ஒருவருக்கு நோய் வந்து, மற்றவருக்கு வராமலே போவதும் உண்டு.

குற்றவாளி இல்லாத கதையை எழுத நமக்குப் பழக்கமில்லை. விஞ்ஞானம் இன்று தருவது அப்படிப்பட்ட கதையைத்தான். குரல் ஏன் கேட்கிறது என்று அவர்கள் தேடட்டும். அது என்ன சொன்னது, பக்கத்து அறையில் சோறு போட்டுவைத்துக் காத்திருந்தவள் அதை எப்படித் தாங்கினாள் என்பது நம் வேலை. பைத்தியத்தைத் தரிசனமாக்கும் நம் கவிதைகளில் அவளுக்கு இதுவரை இடமில்லை.