பெயர் மறைத்தலும் பெண்ணெழுத்தும்

அகத்திணைப் பாட்டில் தலைவன் தலைவியரைப் பெயர் சுட்டிக் கூறுதல் ஆகாது என்பது தொல்காப்பியர் வகுத்த வரம்பு. பெயர் சுட்டப்பெறின் பாட்டு புறத்தின்பாற்படும். இவ்விதியைத் தமிழாசிரியர் ஆண்டுதோறும் வகுப்பில் விளக்குகின்றனர். ஆயின், இக்காலப் பெண்பாற் புலவரின் எழுத்தை மதிப்பிடுங்கால் அதன் உட்கருத்தை மறந்துவிடுவோர் பலர்.

விதியின் பயன் யாது? 'இவள் யார்?' என்னும் வினாவுக்கு இடமில்லாமற் செய்தலே. ஊரார் தூற்றும் அலரைப் பாட்டுக்குப் பொருளாக்கிய சான்றோர், பாட்டைக் கற்போரும் அலர் தூற்றுவோராக மாறிவிடாதபடி வேலியும் இட்டனர்.

அவ்வேலி இன்று பெண் எழுத்தாளருக்கு இல்லை. ஆதலின் அவர் தாமே ஒரு வேலி தேட நேர்கிறது, அதுவே புனைபெயர். துவரங்குறிச்சியில் பிறந்த கவிஞர் சல்மா, பருவமெய்தியதும் பள்ளி நிறுத்தப்பெற்று வீட்டுக்குள் வைக்கப்பெற்றவர். மணமான பின்னர் இரவில் மறைவாக எழுதினார். எழுதியவை தாயாரின் துணையால் வெளியே சென்றன. 2000-இல் 'ஒரு மாலையும் இன்னொரு மாலையும்' புனைபெயரில் வெளிவந்தது. அப்பெயர் இல்லையேல் அந்நூல் தமிழுக்குக் கிட்டியிராது. 2001-இல் பேரூராட்சித் தலைவரான அவர், 2025-இல் இந்திய மாநிலங்களவை உறுப்பினரானார். இன்றும் அவரை நாடறிவது அப்புனைபெயராலேயே. ஆங்கில நாட்டிலும் சார்லட் பிராண்டி 'ஜேன் ஐயர்' நாவலை 1847-இல் 'கரர் பெல்' என்ற பெயரிலேயே வெளியிட்டார்.

மறையாது எழுதியவர்க்கு நேர்ந்தது என்ன? குட்டி ரேவதியின் 'முலைகள்' 2002-இல் வந்தது. நூலின் தலைப்பே குற்றமெனக் கொண்டு வசைகளும் மிரட்டல்களும் எழுந்தன. கண்ணகி தன் முலையைத் திருகி எறிந்து மதுரையை எரித்த செய்தியைக் கூச்சமின்றிக் கற்பிக்கும் மொழி தமிழ். காப்பியத்தில் இடம்பெற்ற சொல், உயிருடன் இருக்கும் ஒரு பெண் தன் நூலுக்குச் சூட்டியதும் இழிசொல் ஆகிவிட்டது. அங்கே ஆராயப்பட்டது கவிதையன்று, எழுதியவரின் ஒழுக்கம். அதற்குத் திறனாய்வு என்று பெயரில்லை. அலர் என்பதே பெயர்.

நெகிரி செம்பிலான் தோட்டங்களில் இதனை எளிதில் உணரலாம். ரந்தாவிலோ பகாவிலோ ஒரு பெண்ணின் கவிதை ஞாயிறு மலரில் வந்தால், 'பாட்டு எப்படி?' என்று கேட்போர் சிலர். 'யாரை நினைத்து எழுதினாள்?' என்று கேட்போர் பலர். பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. லயத்துப் பேச்சோ கைப்பேசியில் ஏறி நாடெங்கும் பரவுகிறது.

ஈண்டு ஒரு தடை எழும். 'பெயர் மறைத்தல் நன்றெனின், பெயர் மறைத்து வசைபாடுவோரையும் காத்தல் வேண்டுமோ?' என்பர். இத்தடை புறக்கணிக்கத் தக்கதன்று. கோலாலம்பூரில் ஈஷா என அறியப்பட்ட சமூக ஊடகப் பெண்மணி, முகம் மறையாது தமிழில் பேசியவர். இணையவழி வந்த இழிசொற்களையும் மிரட்டல்களையும் பற்றிக் காவல்துறையில் புகார் செய்த மறுநாள், 2024 ஜூலை 5-இல், உயிர் துறந்தார். அவ்வழக்கில் ஒருவருக்கு விதிக்கப்பட்ட தண்டம் 100 வெள்ளி. அது கண்டு நாடு கொதித்தது. அவ்வாண்டு டிசம்பரில் நாடாளுமன்றம் பகடிவதையைக் குற்றமாக்கித் தண்டனைச் சட்டத்தைத் திருத்தியது.

தடைக்கு விடையும் தொல்காப்பியத்திலிருந்தே கிடைக்கும். தன் உள்ளத்தைக் கூறுதல் அகம். அதற்குப் பெயர் வேண்டா. பிறர்மேல் பழி கூறுதல் புறம். கூறுவோன் பெயரும் முகமும் காட்டியே கூறவேண்டும். தன்னைக் காக்கப் பெயரை மறைப்பதும் பிறரைத் தாக்கப் பெயரை மறைப்பதும் ஒன்றாகா. இவ்வேறுபாட்டைக் காணாது, 'எல்லாரும் சொந்தப் பெயரிலேயே எழுதுக' என்று கட்டளையிடின், அதனால் முதலில் வாய் மூடுவோர் லயத்து வீட்டுப் பெண்களே.

ஆசிரியர் செய்யத்தக்கது ஒன்றுண்டு. மாணவி ஒருத்தி கவிதை எழுதிக் கொணர்ந்தால், சொல்லும் பொருளும் ஓசையும் எவ்வாறு அமைந்தன என்று ஆராய்க. 'இது யார் கதை?' என்று வினவாதிருத்தல் திறனாய்வின் முதற்பாடம்.